காற்றுக் கூப்பன்

ஹின்வீலில் கார் ஓடாது.
நிற்கும்.
தரைதான் ஓடும், உருக்குப் பட்டியாய், அதன் அடியில்.
பத்துக்கு ஆறு அளவில் செய்த கார்
ஒரு தூணில் தொங்கியபடி
இல்லாத ஊருக்கு
மணிக்கு நூற்றெண்பதில் போய்க்கொண்டிருக்கும்.

இங்கே காற்றுக்கும் கூப்பன்.
இத்தனை ஓட்டம், இத்தனை மணி என்று
எண்ணித்தான் தருவார்கள்.
வென்ற அணிக்குக் குறைய,
தோற்றவர்க்குக் கொஞ்சம் கூட.
நாங்கள் கடைசிக்கு முதல் இடம்.
"இன்னும் ஒரு வருசம் தோற்றால்
புயலே தருவாங்கள்" என்பான் ரேட்டோ,
விசிறி அடங்குகிற அந்த அரை நிமிடத்தில்,
பகிடிக்கு இடம் கிடைக்கும்போது.

முப்பத்தொரு விண்ணப்பம்.
இருபத்தாறுக்குப் பதிலே இல்லை.
ஒன்றில் என் பெயரை
மூன்று விதமாய்ப் பிழைவிட்டு
வருத்தம் தெரிவித்திருந்தார்கள்.
கடைசியில் எடுத்தவள் ஃபுளூரினா.
காரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"ஆறு மாதம் உழைத்தது
ஆறு நிமிடத்தில் குப்பைக்குப் போனால்
அன்றிரவு என்ன சாப்பிடுவாய்?"
புட்டும் மீன்குழம்பும் என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

என் துண்டு பதினொரு மில்லிமீற்றர்.
முன்சிறகின் ஓரத்தில் ஒரு சின்ன உதடு.
வருகிற காற்றை
சக்கரத்துக்கு வெளியால் போ என்று
மரியாதையாய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.
ஊசித்துளைகள் நூற்றிருபது
அது சொன்னதைக் காற்று கேட்டதா என்று ஒற்றுப்பார்க்கும்.
நாற்பத்தாறு வடிவங்களைக் கேட்கவில்லை.
நாற்பத்தேழாவதில், அதிகாலை மூன்றுக்கு,
திரையில் இரண்டு எண்கள் நகர்ந்தன.
ரேட்டோ தன் சொக்லேட்டில் பாதியை உடைத்துத் தந்தான்.
வெளியே பாக்டெல் மலைப்பக்கமிருந்து
கணக்கில் வராத காற்று
யாருக்கும் பிரயோசனமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அது கார்பனாகி, விமானம் ஏறி,
நான் போகாத நாடொன்றில்
வெள்ளிக்கிழமை பூட்டப்பட்டது.
பச்சைச் சாயம் பூசி அனுப்பினார்கள்.
திரும்பி வந்தபோது
சாயம் நான் வரைந்த வழியால் போயிருக்கவில்லை.
உதட்டைத் தாண்டியதும் சுருண்டு
நாற்சந்தியில் தெரு மறந்தவன் போல் நின்றிருந்தது.
ஓட்டுநர் சொன்னது மூன்றே சொல்:
"வளைவில் முன்பக்கம் நழுவுது."
ஆறு நிமிடம் எடுக்கவில்லை.
நாலில் கழற்றிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, ஊஸ்டரில், அம்மா
ஆஸ்பத்திரிச் சலவைக்கு லீவு போட்டுவிட்டு
டீவிக்கு முன்னால்.
கழற்றிய கதை அவவுக்குத் தெரியாது.
காட்சியை நிறுத்துகிறா.
கண்ணாடியைப் போடுகிறா.
"உன்ர துண்டு எது? இதுவோ?"
அது எங்கள் கார்கூட இல்லை.
ஓம் என்றேன்.

திரையைப் படம் பிடித்து
சிவப்பு வட்டம் போட்டு
டொரொன்டோ, லா சப்பல், வவுனியா
எல்லா இடத்துக்கும் அனுப்பிவிட்டா.
எனக்கும் ஒன்று வந்தது.
வாழ்த்துகள் விழத் தொடங்கின.
சின்ன மாமா மூன்று தரம் கைதட்டினார்,
மஞ்சள் கைகளால்.
இந்தச் சிறகை உண்மையில் வரைந்தவள்,
அல்லது வரைந்தவன்,
எந்த நகரத்தில் எந்த மேசையில்
இப்போது யாருக்கு விளங்கப்படுத்துகிறாளோ.

வெட்கத்தோடு வட்டத்தைப் பெரிதாக்கினேன்.
சிவப்புக் கோட்டுக்குள்ளே
அவள் உதடு வைத்திருக்கவில்லை.
ஓரத்தை நகக்கண் அளவுக்கு
உள்ளே வெட்டியிருந்தாள்.
காற்றுக்கு ஒன்றுமே சொல்லாமல்
சும்மா விலகி நின்றிருந்தாள்.

"புட்டு ஆறுது, சாப்பிடன்."

கையில் குழம்போடு
மின்சாரக் கட்டண உறையின் முதுகில்
ஒரு கோடு இழுத்தேன். அழித்தேன்.
படம் புள்ளி புள்ளியாய் உடைந்துபோனது.

அம்மா,
அந்தக் காரை
இன்னொருக்கால் நிறுத்துங்கோ.